துடிப்பின் அகலமும் வாசிப்பவரின் தாமதமும் – ஒரு வரலாற்று நோக்கு

அளவையின் வரலாறு பெரும்பாலும் அளக்கப்பட்ட பொருள்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நீளம் எவ்வாறு அளக்கப்பட்டது, நிறை எவ்வாறு நிறுக்கப்பட்டது, வெப்பநிலைக்கு அளவுகோல் எப்போது தோன்றியது என்பன நூல்களில் விரிவாகக் கிடைக்கின்றன. ஆனால், அளவையை வாசித்தவர் யார், அவ்வாசிப்பில் நேர்ந்த பிழைக்குப் பொறுப்பாளி யார் என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்பட்டுள்ளன. கருவி செம்மையானதாக இருந்தும் வாசிப்புப் பிழைத்த நிகழ்ச்சிகள் வரலாற்றிற் பல. அவற்றுட் சிலவற்றை ஒருங்குவைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் மிகச் சிறியது. இன்று மாணவரும் பொழுதுபோக்காளரும் செய்துபார்க்கும் சிறு றோபோக்களிற் பல, சுற்றுப்புறத்தை உணரிகள் மூலம் அறிகின்றன. அவ்வுணரிகளுள் ஒரு வகையின, தாம் கண்ட தூரத்தையோ சரிவையோ ஒரு மின்துடிப்பின் நீட்சியாக மாற்றி ஒரே கம்பி வழியாக அனுப்புகின்றன. துடிப்பு எழுந்த கணத்திலிருந்து விழுந்த கணம் வரையுள்ள நேரமே துடிப்பகலம் எனப்படும். றோபோவின் கட்டுப்படுத்தி அந்த அகலத்தை அளந்து, அதிலிருந்து தூரத்தைக் கணித்துக்கொள்கிறது. இது பொறியியற் பீடத்தாருக்குரிய விடயமன்றோ எனச் சிலர் வினவக்கூடும். ஆயினும் இச்சிறு செயலுக்குப் பின்னால் இரு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. வானாய்வகமும், உளவியற் கூடமும், போர்க்கப்பலும், விளையாட்டு விமானமும் அவ்வரலாற்றில் இடம்பெறுகின்றன. வேலை இழந்த ஓர் உதவியாளரின் கதையும் அதில் உண்டு. அங்கிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

1. கண்ணும் செவியும்

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிறீனிச் அரச வானாய்வகத்தில் விண்மீன்கள் உச்சக்கோட்டைக் கடக்கும் நேரம் ஒழுங்காகக் குறிக்கப்பட்டு வந்தது. கடலோடிகளின் நெடுங்கோட்டுக் கணிப்புக்கும் நேரத்தை நிறுவுவதற்கும் இக்குறிப்புகளே அடிப்படையாயின. குறிக்கும் முறை கடினமானது. தொலைநோக்கியின் பார்வைப் புலத்தில் மெல்லிய கம்பிகள் நிறுத்தப்பட்டிருக்கும். நோக்குபவர் கண்ணால் விண்மீனைத் தொடர்ந்துகொண்டே, அருகிலுள்ள கடிகாரத்தின் செக்கன் ஒலிகளைச் செவியால் எண்ணவேண்டும். ஓர் ஒலிக்கும் அடுத்த ஒலிக்கும் இடையில் விண்மீன் கம்பியைக் கடக்கும். முன்னொலியின்போது அது நின்ற இடத்தையும் பின்னொலியின்போது நின்ற இடத்தையும் மனத்தில் ஒப்பிட்டு, கடந்த கணத்தைச் செக்கனின் பத்திலொரு பங்குவரை மதிப்பிடல்வேண்டும். இம்முறை கண்–செவி முறை என வழங்கியது.

அரச வானியலாளரான நெவில் மாஸ்கலீன் என்பவரிடம் டேவிட் கின்னபுறூக் என்னும் இளைஞர் உதவியாளராகக் கடமையாற்றினார். 1795 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதமளவில், உதவியாளரின் குறிப்புகள் தம்முடையவற்றிலும் அரைச் செக்கன் பிந்தியிருப்பதை மாஸ்கலீன் கண்டார். எச்சரிக்கை செய்யப்பட்டும் வேறுபாடு குறையவில்லை. 1796 ஜனவரியில் அது 0.8 செக்கனாகப் பெருகியிருந்தது. கின்னபுறூக் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் முறையான வழியைக் கைவிட்டுத் தமக்கெனக் குழப்பமான முறையொன்றைப் பின்பற்றினார் என்பதே தலைவரின் முடிவாக இருந்தது.

இவ்வழக்கு அத்துடன் மறக்கப்பட்டிருக்கும். எனினும், கோனிக்ஸ்பேர்க் நகரின் வானியலாளரான பிரெடெறிக் வில்ஹெல்ம் பெசல் இச்செய்தியை வாசித்தபோது, பயிற்சி பெற்ற ஒருவர் எச்சரிக்கப்பட்ட பின்னரும் இவ்வளவு தவறியது ஏன் என வினவினார். 1820 அளவில் அவர் தம்மையும் தம் துறையிற் கைதேர்ந்த வேறொரு வானியலாளரையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இருவரும் ஒரே விண்மீன்களை நோக்கினர், இருவரும் கவனக்குறைவற்றவர்கள். அவ்வாறிருந்தும் அவர்களுக்கிடையே ஏறத்தாழ ஒரு செக்கன் வேறுபாடு நிலைத்திருந்தது. இதனின்று பெறப்பட்ட முடிபு எளியது: ஒவ்வொரு மனிதருக்கும் தமக்கேயுரிய தாமதம் ஒன்று உண்டு. வானியலாளர் அதனை ஆட்சமன்பாடு எனப் பெயரிட்டுக் கணிப்பிற் சேர்த்துக்கொண்டனர்.

ஈண்டு மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. மாஸ்கலீனின் கணிப்பில் தலைவரின் வாசிப்பே சரியான வாசிப்பு. உதவியாளருடையது அதனின்று விலகிய பிழை. பெசலின் கணிப்பில் இரண்டும் வாசிப்புகளே. எதுவும் தன்னளவிற் சரியானதன்று. வேலைத்தலத்தின் அதிகார ஒழுங்கு அறிவின் ஒழுங்காகவும் கொள்ளப்பட்டமையே முதலாவதன் குறைபாடாகும். ஆனால் இவ்விளக்கம் கின்னபுறூக்குக்குப் பயன்படவில்லை. அவர் 1802 ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார்.

2. நிகழ்ச்சி தன்னைத்தானே பதிதல்

தாமதம் மனிதருக்கு இயல்பானதெனின், வாசிப்பிலிருந்து மனிதரை விலக்கலாமா என்பதே அடுத்து எழுந்த வினா. அதற்கு விடைதேட மின்சாரம் உதவியது. 1840 அளவில் இங்கிலாந்தில் சாள்ஸ் வீற்ஸ்டன், மின்னோட்டத்தினால் இயங்கவும் நிற்கவும் கூடிய நுண்கால அளவி ஒன்றை அமைத்தார். எறிபடைகளின் வேகத்தை அறிதல் அதன் பயன்களுள் ஒன்று. அதே நூற்றாண்டின் நடுப்பகுதியில் மத்தேயஸ் ஹிப் என்னும் கடிகாரக் கைவினைஞர் அக்கருவியைச் செம்மைப்படுத்தினார். ஹிப் கருவியில் செக்கனுக்கு ஆயிரந்தடவை அதிரும் உலோக நாக்கு ஒன்று சக்கரங்களின் ஓட்டத்தைச் சீராக வைத்திருக்கும். சக்கரங்கள் ஓயாது சுழன்றுகொண்டிருக்கும். முட்களோ அசையாது நிற்கும். மின்காந்தம் முட்களைச் சக்கரங்களோடு இணைக்கும்போது அவை ஓடும். இணைப்பு விடுபட்டவுடன் நிற்கும். முள் கடந்த கோடுகளை எண்ணினால், அவ்விடைவேளை எத்தனை மில்லிசெக்கன் என்பது கிடைத்துவிடும்.

ஓயாது ஓடும் ஒரு கடிகாரம், துடிப்பு நிலவும் வரையில் மட்டும் அதனோடு இணையும் ஓர் எண்ணி ஆகிய இரண்டும் இங்கு முழுமையாக அமைந்துவிட்டன. இன்றைய றோபோக் கட்டுப்படுத்தியினுள் நிகழ்வதும் அடிப்படையில் இதுவே. சக்கரங்களுக்குப் பதிலாகப் பளிங்கு அதிர்வும், முட்களுக்குப் பதிலாக இருமை எண்களும் வந்துள்ளன என்பதே வேறுபாடு.

இதே காலப்பகுதியில் வானாய்வகங்களிலும் மாற்றம் ஏற்பட்டது. அமெரிக்காவில் தந்திமுறையின் துணையோடு வளர்ந்த காலப்பதிகருவி 1850களிற் கிறீனிச்சிலும் இடம்பெற்றது. சுழலும் உருளை ஒன்றிற் சுற்றப்பட்ட தாளிற் கடிகாரம் செக்கன்தோறும் அடையாளமிடும். நோக்குபவர் விண்மீன் கம்பியைக் கடக்கும்போது சாவியொன்றை அழுத்துவார். அவ்வடையாளமும் அதே தாளிற் பதியும். எண்ணும் சுமை செவியினின்று நீங்கியது. வாசிப்பு, நிகழ்ச்சி நடக்கும் கணத்திற் செய்யப்படவேண்டிய அவசரப் பணியாக இல்லாது, பின்னர் ஆறுதலாகத் தாளை அளந்து செய்யத்தக்க பணியாயிற்று. இம்மாற்றத்தை நினைவிற் கொள்ளல்வேண்டும். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

மனிதத் தாமதத்தின் காரணமும் இக்காலத்திலேயே வெளிப்படலாயிற்று. 1850 ஆம் ஆண்டு ஹேர்மன் வொன் ஹெல்ம்ஹோல்ற்ஸ், தவளையின் நரம்பிற் கணத்தாக்கம் செல்லும் வேகத்தை அளந்தார். அதற்குமுன் அது அளக்கவொண்ணாத வேகமுடையதெனக் கருதியோர் பலர். அவர் பெற்ற பெறுமானமோ செக்கனுக்கு ஏறத்தாழ 30 மீற்றர் மட்டுமே. 1879 இல் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் நிறுவிய உளவியல் ஆய்வுகூடத்தில் ஹிப் கருவி இன்றியமையாத உபகரணமாயிற்று. வானாய்வகத்தில் ஒருவரின் வேலையைப் பறித்த குறைபாடு, புதியதொரு விஞ்ஞானத்தின் ஆய்வுப்பொருளாக மாறியது.

எனினும், கருவியும் தாமதமற்றதன்று. ஹிப் கருவியின் மின்காந்தம் முட்களை இணைக்கவும் விடவும் சிறிது நேரம் எடுத்தது. மின்னோட்டத்தின் வலிமைக்கேற்ப அந்நேரம் மாறியது. ஆதலால் நேரம் முன்னரே தெரிந்த ஒரு வீழ்ச்சியைக்கொண்டு கருவியை அடிக்கடி சரிபார்க்க வேண்டியிருந்தது. மனிதருக்குரிய ஆட்சமன்பாடு போன்று கருவிக்கும் ஒரு சமன்பாடு தேவைப்பட்டது எனலாம்.

3. தூரம் காலமாதல்

கால அளவை இவ்வாறு நுட்பமடைந்தபின், காலமல்லாத பொருள்களையும் காலமாக மாற்றி அளக்கும் வழக்கம் தோன்றியது. 1826 ஆம் ஆண்டு ஜெனீவா ஏரியில் கொலடொன், ஸ்ரூம் ஆகிய இருவர் நீருள் மணியொன்றை ஒலிக்கச்செய்து, அதே கணத்தில் வெடிமருந்தைக் கொளுத்தி ஒளியெழுப்பினர். ஏரியின் தொலைவான இடத்தில் ஒளியைக் கண்டதற்கும் ஒலியைக் கேட்டதற்கும் இடைப்பட்ட நேரம் அளக்கப்பட்டது. நீரில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1,435 மீற்றர் எனத் துணியப்பட்டது. இங்குத் தூரம் தெரிந்தது, வேகம் தெரியாதது. வேகம் தெரிந்தவுடன் கணக்கைத் திருப்பிப் போடலாம். நேரத்தை அளந்தால் தூரம் கிடைக்கும்.

இத்திருப்பத்தைத் தூண்டியது கடலின் அச்சமாகும். 1912 ஏப்பிரலில் ரைற்றானிக் கப்பல் பனிமலையில் மோதி மூழ்கியது. 1914 ஏப்பிரலில் றெஜினோல்ட் பெசென்டன், அமெரிக்கக் கப்பலொன்றிலிருந்து நீருள் ஒலியெழுப்பிப் பனிமலையின் எதிரொலியைப் பெற்றுக்காட்டினார். அதே ஆண்டில் உலகப்போர் மூண்டது. நீர்மூழ்கிகளைக் கண்டறியும் தேவை எழவே, பிரான்சில் போல் லாஞ்ஜவன் படிகக்கல்லின் அழுத்தமின் இயல்பைப் பயன்படுத்திச் செவிக்கெட்டாத கழியொலியை எழுப்பினார். அவ்வியல்பை 1880 இற் கண்டறிந்த கியூரி சகோதரருள் ஒருவரான பியேர் கியூரியின் மாணவர் அவர். இன்று ஒரு மாணவர் தம் றோபோவின் முகப்பிற் பொருத்தும் கழியொலி உணரியின் மூதாதை நீர்மூழ்கியைத் தேடிய இக்கருவியேயாகும்.

வானொலி அலைகளுக்கும் இதே வழி பயன்பட்டது. 1925 இல் அமெரிக்காவில் கிறெகறி பிறைற், மேர்ள் ரூவ் ஆகியோர் குறுகிய வானொலித் துடிப்புகளை மேல்நோக்கி அனுப்பி, வளிமண்டலத்தின் மின்னேற்றப் படையிலிருந்து மீண்ட எதிரொலியின் தாமதத்தை அளந்தனர். 1935 இல் பிரித்தானியாவில் றொபேட் வற்சன்–வற்றின் குழுவினர் இம்முறையை விமானங்களைக் கண்டறியும் பணியில் ஈடுபடுத்தினர். றேடாரிற் கணக்கு மிக நுண்ணியது. வானொலி அலை ஒரு மைக்குரோ செக்கனில் 300 மீற்றர் செல்லும். சென்று மீள்வதைக் கருதினால் ஒரு மைக்குரோ செக்கன் 150 மீற்றர் தூரத்துக்குச் சமம்.

இதன் பயனையும் வரம்பையும் எமது தீவு நேரிற் கண்டது. 1942 ஏப்பிரல் 5 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நகருக்கண்மையில் றேடார் நிலையம் அமைக்கப்பட்டிருந்தும் உரிய முன்னறிவிப்புக் கிடைக்கவில்லை. பிரித்தானியப் போர்விமானங்கள் எதிரி தலைக்குமேல் வந்த வேளையிலேயே தரையினின்று கிளம்ப நேர்ந்தது. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை தாக்கப்பட்டபோது றேடார் முன்னறிவித்தது; விமானங்கள் முன்கூட்டியே மேலெழுந்தன. துடிப்பு மீண்டுவருதல் வேறு. அது உரிய கணத்தில் வாசிக்கப்பட்டு உரியவரைச் சென்றடைதல் வேறு என்பதற்கு இவ்விரு நாள்களும் சான்றாகும்.

4. அகலமே செய்தியாதல்

இதுவரை கூறியவற்றில் நேரம் என்பது இயற்கையின் இரு நிகழ்ச்சிகளுக்கு இடைப்பட்டதாகும். அடுத்த கட்டத்தில் மனிதர் வேண்டுமென்றே செய்தியைத் துடிப்பின் அகலத்திற் பொதிந்து அனுப்பத் தொடங்கினர். இதற்குரிய காரணம் தெளிவானது. ஒரு பெறுமானத்தை மின்னழுத்தத்தின் உயர்வு தாழ்வாக அனுப்பினால், கம்பியின் தடையும் அயலிலுள்ள மோட்டார்களின் இரைச்சலும் அதனைச் சிதைத்துவிடும். துடிப்பின் உயரம் குறைந்தாலும் அதன் நீட்சி பெரும்பாலும் குறைவதில்லை. பெறுபவர் துடிப்பு உண்டா இல்லையா என்பதை மட்டும் அறிந்தாற் போதுமானது. அத்துடன், நுண்மையாகவும் மலிவாகவும் நாம் பெறக்கூடிய அளவுகோல் பளிங்குக் கடிகாரமேயாகும். 1927 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வொறன் மரிசன் என்பவரும் அவருடைய சக ஆய்வாளரும் அமைத்த அக்கடிகாரத்தின் வழித்தோன்றல் இன்று கைக்கடிகாரந்தோறும் உள்ளது.

இரண்டாம் உலகப்போரிற் பிரித்தானியப் படையினர் பயன்படுத்திய பத்தாம் இலக்க வானொலிக் கருவி, எட்டுத் தொலைபேசி உரையாடல்களைத் துடிப்பகல மாற்றங்களாக ஒரே அலையில் ஏற்றி அனுப்பியது. போர் முடிந்தபின் இந்நுட்பம் எதிர்பாராத ஓரிடத்தில், அஃதாவது விளையாட்டு விமானங்களில், வேரூன்றியது. தொடக்ககால வானொலிக் கட்டுப்பாட்டு விமானங்களிற் சுக்கான் முழுவதும் இடம் அல்லது முழுவதும் வலம் திரும்பும், இடைநிலை இல்லை. 1960களில் வளர்ந்த விகிதசமக் கட்டுப்பாடு இக்குறையை நீக்கியது. ஏறத்தாழ 20 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை துடிப்பொன்று அனுப்பப்படும். அதன் அகலம் 1.5 மில்லிசெக்கனாயின் சுக்கான் நடுவில் நிற்கும். 1 மில்லிசெக்கனாயின் ஒரு புறமும் 2 மில்லிசெக்கனாயின் மறுபுறமும் திரும்பும். சுக்கானை இயக்கும் சேர்வோ மோட்டாரினுள் ஒரு சிறு சுற்று தன் நிலைக்கேற்பத் தானும் ஒரு துடிப்பை ஆக்கி, வந்த துடிப்போடு ஒப்பிட்டு, வேறுபாடு தீரும்வரை மோட்டாரைச் சுழற்றும். வந்த துடிப்பை வாசிப்பதும் அதற்கேற்ப இயங்குவதும் இங்கு ஒரே சிறு பெட்டியினுள் நிகழ்கின்றன.

பின்னர் உணரிகளும் இம்மொழியைப் பேசத் தொடங்கின. 1978 இல் பொலறோயிட் நிறுவனம், பொருளின் தூரத்தைக் கழியொலியால் அளந்து தானே குவியும் புகைப்படக் கருவியை வெளியிட்டது. அதன் தூரமளக்கும் பகுதி தனியாகவும் விற்கப்பட்டது; 1980களின் றோபோ ஆய்வாளர் பலர் அதனைப் பயன்படுத்தினர். 1990களின் இறுதியில் வந்த ஏ.டி.எக்ஸ்.எல்.202 என்னும் முடுக்க உணரி, தன் வெளியீட்டைத் துடிப்பகலத்துக்கும் துடிப்பின் முழு வட்டக் காலத்துக்கும் உள்ள விகிதமாகவே தந்தது. முடுக்கம் இல்லாதபோது விகிதம் 50 வீதம். புவியீர்ப்பு முடுக்கம் ஒன்றுக்கு 12.5 வீதம் மாறும். இரு நேரங்களும் ஒரே கடிகாரத்தால் அளக்கப்படுவதால், அக்கடிகாரம் சற்று விரைந்தோ பிந்தியோ ஓடினும் விகிதம் மாறாது. பெசலின் பாடத்தைக் கருவி ஆக்கியோர் நன்கு கற்றிருந்தனர் எனலாம். வாசிப்பவரின் பிழை தவிர்க்கவியலாததெனின், அது தானே கழிந்துபோகும் வண்ணம் செய்தியை அமைத்தலும் ஒரு வழியன்றோ!

5. காத்திருக்கும் கட்டுப்படுத்தி

நுண்செயலி 1971 இல் சந்தைக்கு வந்தது. அடுத்த இரு தசாப்தங்களுள் நினைவகம், எண்ணி, உள்ளீட்டு வாயில்கள் யாவும் ஒரே சில்லினுள் அடங்கிய நுண்கட்டுப்படுத்திகள் மாணவர் கைக்கெட்டின. 1992 இல் அமெரிக்காவின் பரலாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட பேசிக் ஸ்ராம்ப் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. துடிப்பகலத்தை வாசிக்க அதில் ‘பல்சின்’ என்னும் ஒரே கட்டளை போதுமானது. முதலாவது ஸ்ராம்ப் 10 மைக்குரோ செக்கன் அலகிலும் இரண்டாவது 2 மைக்குரோ செக்கன் அலகிலும் அகலத்தைத் தந்தன. 2005 இல் இத்தாலியின் இவ்றேயா நகரில் தோன்றிய ஆடுவினோவும் இதையொத்த கட்டளையைக் கொண்டுள்ளது. அதன் வடிவமைப்பு யாவர்க்கும் திறந்துவிடப்பட்டமையால் அது உலகெங்கும் பரவிற்று.

கட்டளை எளிது, அதன் உள்ளியல்பை நோக்கினாற் பழைய சிக்கல் மீண்டும் தோன்றுகிறது. கட்டுப்படுத்தி வாயிலை இடைவிடாது பார்த்துக்கொண்டு, துடிப்பு எழும்வரை காத்திருந்து, எழுந்ததும் அது விழும்வரை எண்ணுகிறது. அதுவரை அது வேறெதனையும் செய்வதில்லை. இரண்டாவது ஸ்ராம்பில் இக்காத்திருப்பு 131 மில்லிசெக்கன் வரை நீளலாம். அவ்வேளையிற் சேர்வோ மோட்டார்களுக்கு 20 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை செல்லவேண்டிய துடிப்புகளுள் ஆறு தவறிப்போகும். முன்னே தடை உண்டா எனக் கவனமாகக் கேட்கும் றோபோ, கேட்கும் வேளையிற் கால் தடுமாறும். ஆடுவினோவின் கட்டளை, வேறு வரம்பு விதிக்கப்படாவிடின், ஒரு செக்கன் முழுவதும் காத்திருக்கும்.

மௌனத்தை வாசித்தலும் சிக்கலானதே. குறித்த நேரத்துள் துடிப்பு வராவிடின் இக்கட்டளைகள் சுழி என்னும் எண்ணைத் திருப்பித் தருகின்றன. நிரலை எழுதியவர் இதனைக் கருதாது விட்டால், வெளி முழுவதும் வெறுமையாக இருக்கையில் தடை முகத்தோடு ஒட்டி நிற்பதாக றோபோ முடிவு செய்யும். எதுவும் கேட்கவில்லை என்பதும் மிக அருகிற் கேட்டது என்பதும் ஒரே எண்ணாகிவிடுகின்றன. இன்னொரு நுண்பிழையும் உண்டு. கட்டுப்படுத்தி தன் கடிகாரத்தைப் பேணுவதற்கு இடையிடையே சில மைக்குரோ செக்கன் வேறு பணிக்குச் சென்றுவருகிறது. எண்ணுகையில் அவ்வாறு சென்றால் எண்ணிக்கை அந்த அளவு குறையும். அதே வேளையில் அகலமோ எண்ணிக்கையோ பிழைக்காமலும் முடிவு பிழைக்கலாம். கழியொலி உணரிகளுக்கு ஒரு சென்ரிமீற்றருக்கு 58 மைக்குரோ செக்கன் என்னும் வாய்பாடு வழக்கிலுள்ளது. இது வெப்பநிலை 20 பாகை செல்சியசாக இருக்கும்போது, ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் எனக் கொண்டு பெறப்பட்டது. எமது 30 பாகை வெப்பத்தில் அவ்வேகம் 349 மீற்றராகும். எனவே ஒரு மீற்றர் தூரம் ஏறத்தாழ 98 சென்ரிமீற்றர் எனக் காட்டப்படும்.

ஒரே வேளையில் இரண்டைக் கவனிக்க வேண்டியவராகத் தொலைநோக்கியின் முன் அமர்ந்திருந்த கின்னபுறூக்கின் நிலைக்கும், வாயிலைப் பார்த்துக்கொண்டே எண்ணவேண்டியிருக்கும் கட்டுப்படுத்தியின் நிலைக்கும் அடிப்படையில் வேறுபாடு யாது? இரண்டும் கண்–செவி முறையே. விடையும் பழைய விடையேயாக அமைந்தது. 1980களில் வெளிவந்த மோட்டறோலாவின் 68எச்.சி.11 போன்ற சில்லுகளில், மைய நிரலைச் சாராது தானே ஓடும் எண்ணியொன்று இருந்தது. உள்ளீட்டு வாயிலில் மின்னழுத்தம் மாறும் கணத்திலேயே எண்ணியின் அப்போதைய பெறுமானம் தனியொரு பதிவகத்திற் பிரதி செய்யப்படும். நிரல் தன் மற்றைய பணிகளை முடித்துக்கொண்டு வந்து அதனை வாசிக்கலாம். எழுச்சிக் கணத்தின் எண்ணை வீழ்ச்சிக் கணத்தின் எண்ணிலிருந்து கழித்தால் அகலம் கிடைத்துவிடும். எண்ணி அரை மைக்குரோ செக்கனுக்கு ஒன்று கூடி, 65,535 ஐ அடைந்ததும் சுழிக்குத் திரும்பும். எழுச்சி 65,000 இலும் வீழ்ச்சி அடுத்த சுற்றில் 500 இலும் பதிந்தால், இடைவெளி 1,036 எண்ணிக்கை, அஃதாவது 518 மைக்குரோ செக்கன். இரவு பதினொரு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடிந்த பயணம் மூன்று மணி நேரம் என நாம் கணிப்பது போன்றதே இது. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் மாணவர் போட்டிகளின் வழிவந்த ஹன்டி போட் என்னும் றோபோக் கட்டுப்படுத்தி, 1990களில் இச்சில்லைப் பெருந்தொகையான மாணவரிடம் கொண்டுசேர்த்தது. ஆடுவினோ ஊனோவின் சில்லிலும் இவ்வசதி உண்டு. அங்கு நுண்மை 62.5 நனோசெக்கன் வரை செல்லும்.

நிகழ்ச்சி தன் கணத்தைத் தானே பதிகிறது; வாசிப்பவர் பின்னர் ஆறுதலாக வாசிக்கிறார். கிறீனிச்சின் சுழலும் உருளைத் தாள், விரல்நுனியளவான சில்லினுள் மீண்டும் தோன்றியுள்ளது. முன்னது சாவியை அழுத்தும் விரலின் தாமதத்தை நீக்கவில்லை. பின்னது அதனையும் நீக்கிற்று என்பதே வளர்ச்சி.

6. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து இரு முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, தூரமும் சரிவும் சுக்கானின் நிலையும் காலமாக மாற்றப்பட்டமைக்குக் காலத்தின் இயல்பு மட்டும் காரணமன்று. கடல் வணிகம், நீர்மூழ்கிப் போர், வான்போர், நுகர்பொருட் சந்தை ஆகியவற்றின் தேவைகளே கால அளவையை நுண்மையும் மலிவும் உடையதாக்கின. அரசுகளும் படைகளும் காத்துவைத்த நுட்பம் மாணவரின் மேசைக்கு வந்துசேர ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது.

இரண்டாவது முடிபு வாசிப்பவரைப் பற்றியது. பிழை நேரும்போதெல்லாம் வாசித்தவரைக் குறைகூறுவது எளிது. மாஸ்கலீன் உதவியாளரை நீக்கினார். இன்று றோபோ சுவரில் மோதினால் மாணவர் உணரியைக் கழற்றி எறிகிறார். இரு நூற்றாண்டு அனுபவம் காட்டுவது வேறு. பிழை பெரும்பாலும் வாசிப்பவர்மீது சுமத்தப்பட்ட முறையிலேயே இருந்தது. ஒரே வேளையில் இரண்டைச் செய் எனப் பணித்துவிட்டுப் பிந்தியமைக்குத் தண்டித்தல் அறிவுக்கும் பொருந்தாது, நீதிக்கும் பொருந்தாது. முறையை மாற்றியபோதே வாசிப்புத் திருந்தியது.

கிறீனிச்சிலிருந்து நீக்கப்பட்ட இளைஞரின் 0.8 செக்கன் அவருடைய பிழையாகவே ஏட்டில் எழுதப்பட்டது. அந்த இடைவெளியை மற்றொருவர் குற்றமாகக் கொள்ளாது வினாவாகக் கொண்டதனாலேயே ஒரு விஞ்ஞானம் பிறந்தது. ஆய்வுகூடத்திலாயினும் அலுவலகத்திலாயினும், பிந்தி வந்த ஒரு விடையை எதிர்கொள்ளும் எவருக்கும் இவ்விரு வழிகளும் திறந்தே உள்ளன.